தாட்சாயணி வேலாயுதன்: அரசியல் நிர்ணய சபையின் ஒரே தலித் பெண் உறுப்பினர் ஏன் ஆறே ஆண்டுகளில் காணாமல் போனார்?

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. தாட்சாயணி வேலாயுதன் யார், இந்திய அரசமைப்புச் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபைக்குள் எப்படி வந்தார் என்பது ஒன்று. இவ்வளவு திறமையாகப் பேசியவர் 1952க்குப் பிறகு ஏன் நாடாளுமன்றத்தில் இல்லை என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில், "குடும்பத்துக்காக ஒதுங்கிவிட்டார்" என்பது. அது போதாது. அவர் உள்ளே வந்த வழியையும், அந்த வழி எப்போது அடைபட்டது என்பதையும் தொகுதிக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1912 ஜூலை 4 அன்று, எர்ணாகுளத்துக்கு எதிரே காயலில் இருக்கும் முளவுக்காடு தீவில் பிறந்தார். புலையர் சமூகம். அன்றைய கொச்சி சமஸ்தானத்தில் புலையர் என்றால் பொதுவழியில் நடக்க முடியாது, நகருக்குள் கூட்டம் போட முடியாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, உயர்சாதிக்காரர் எதிரே வந்தால் வழியை விட்டு இறங்கி விலகி நிற்க வேண்டும். அவர் பிறந்த மறு ஆண்டு, 1913இல், கேரள வரலாற்றில் "காயல் சம்மேளனம்" என்று அறியப்படும் கூட்டம் நடந்தது. மன்னரின் மண்ணில் புலையர் கூடக் கூடாது என்பது தடை. தண்ணீருக்கு அந்தத் தடை கிடையாதே என்று, எர்ணாகுளம் காயலில் வள்ளங்களை ஒன்றோடொன்று கட்டி, மேலே பலகை பரப்பி, அதன்மேல் கூட்டம் நடத்தினார்கள். மீனவர் சமூகத்திலிருந்து வந்த கவிஞர் பண்டிட் கருப்பன் இதற்குத் துணை நின்றார். முன்னின்றவர்களில் ஒருவரான கிருஷ்ணாதி, தாட்சாயணியின் நெருங்கிய குடும்பத்தவர். கொச்சி புலையர் மகாஜன சபை அதே ஆண்டில் உருவானது. சட்டத்தின் வார்த்தைக்குள்ளேயே ஓட்டையைக் கண்டுபிடித்து உரிமை கேட்கும் அரசியல் அந்த வீட்டில் அவர் பேசப் பழகும் முன்பே இருந்தது. அவருடைய பிற்காலப் பேச்சுகளைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

அவருடைய பெயரே அந்தச் சூழலில் ஒரு மீறல்தான். அழகி, சக்கி, காளி, குறும்பா என்றுதான் புலையப் பெண்களுக்குப் பெயர் வைப்பார்கள். தட்சனின் மகள் என்ற புராணப் பெயர் உயர்சாதி வீடுகளுக்கு உரியது என்று கருதப்பட்ட காலம் அது. மேலாடை அணிந்து பள்ளிக்குச் சென்ற முதல் தலைமுறைப் பெண்களில் அவரும் ஒருவர்.

கொச்சி அரசின் உதவித்தொகையில் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்து 1935இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் உயர்சாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைச் செய்து காட்ட மறுத்தார். தள்ளி நின்று, மற்ற மாணவர்களுக்குக் காட்டுவதைப் பார்த்தே கற்றுக்கொண்டார். அறிவியல் படித்தவர்களுக்கு இதன் கொடுமை நன்றாகப் புரியும். வேதியியலைக் கையால்தான் கற்க வேண்டும், கண்ணால் கற்று முடியாது. பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்தார். 1935 முதல் 1945 வரை திருச்சூர், திருப்பூணித்துறை பகுதிகளின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியர் வேலை.

1940 செப்டம்பர் 6 அன்று வார்தா சேவாகிராம ஆசிரமத்தில் ஆர். வேலாயுதனை மணந்தார். காந்தியும் கஸ்தூரிபாவும் உடன் இருந்தார்கள். சடங்கை நடத்தியவர் தொழுநோயால் பாதிக்கப்பட்ட ஒருவர். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணனுக்கு வேலாயுதன் உறவினர். திருமணம் ஆசிரமத்தில் நடந்ததால் தாட்சாயணியை "காந்தியவாதி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அம்பேத்கரின் தாக்கமும் அவரிடம் அதே அளவு இருந்தது. 1946 முதல் 1949 வரை சென்னையில் "காமன் மேன்" என்ற இதழின் ஆசிரியராக இருந்தார். இரண்டு பேரிடமும் அவர் எடுத்துக்கொண்டது உண்டு, மறுத்ததும் உண்டு. எங்கே எதை என்பதைக் கீழே பேச்சுகளில் பார்க்கலாம்.

இனி அரசியல் நுழைவு. 1945இல் கொச்சி சட்டமன்றத்துக்கு அரசு அவரை நியமித்தது. இந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும்: நியமனம், தேர்தல் அல்ல. 1945 ஆகஸ்ட் 2 அன்று அங்கே முதல் முறையாகப் பேசினார். ஆங்கிலத்தில் பேசிய அந்த உரை, ஒடுக்கப்பட்ட சமூகங்களுக்கு ஒதுக்கப்படும் பணம் பற்றியது.

அடுத்த ஆண்டு அரசியல் நிர்ணய சபை. கொச்சித் தீவில் பிறந்தவர் "சென்னை" உறுப்பினர் ஆனது எப்படி என்ற குழப்பம் பலருக்கும் வரும். பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு 1946 மே 16 அன்று வெளியிட்ட திட்டத்தின்படி மொத்தம் 389 இடங்கள். அதில் 93 சமஸ்தானங்களுக்கு, மீதி 296 பிரிட்டிஷ் இந்தியாவுக்கு. பத்து லட்சம் மக்களுக்கு ஏறத்தாழ ஓர் இடம். மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள் பொது, முஸ்லிம், சீக்கியர் என்ற மூன்று பிரிவுகளாகப் பிரிந்து, வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கும் ஒற்றை மாற்று வாக்கு முறையில் தேர்ந்தெடுத்தார்கள். சென்னை மாகாணத்துக்கு 49 இடங்கள்: 45 பொது, 4 முஸ்லிம். சட்டமன்றத்தின் மொத்த உறுப்பினர்கள் 215. அதாவது நான்கைந்து சட்டமன்ற உறுப்பினர்கள் சேர்ந்தால் ஓர் இடம். அந்தச் சட்டமன்றத்தில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை இருந்ததால், கட்சிப் பட்டியலில் பெயர் வந்தாலே பெரும்பாலும் வெற்றிதான்.

தேர்ந்தெடுக்கப்படுபவர் அந்தச் சட்டமன்றத்தின் உறுப்பினராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால்தான் கட்சிக்கு வெளியே இருந்த சட்ட நிபுணர் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர் போன்றவர்களும் சென்னையிலிருந்தே வர முடிந்தது. பம்பாயில் ஆதரவு கிடைக்காத அம்பேத்கர், வங்காளத் தலித் தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல் போன்றோரின் துணையோடு வங்காளத்திலிருந்து வந்ததும் இதே விதியால்தான். தாட்சாயணி காங்கிரஸ் பட்டியலில், சென்னை மாகாணத்தின் பொதுப் பிரிவில் வந்தார். சபை நடவடிக்கைக் குறிப்புகளில் அவர் பெயருக்குப் பக்கத்தில் "சென்னை: பொது" என்று இருப்பதன் காரணம் இதுதான். பட்டியல் சாதியினருக்கெனத் தனி இடம் அந்தச் சபைத் தேர்தலில் கிடையாது. "ஒதுக்கீட்டில் வந்தவர்" என்று சில கட்டுரைகள் சொல்வது தவறு.

1946 டிசம்பர் 9 அன்று சபை கூடியபோது அவருக்கு 34 வயது. சபையில் இடம்பெற்ற பெண்கள் 15 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அம்மு சுவாமிநாதன், துர்காபாய் ஆகியோரும் சென்னையிலிருந்தே வந்தவர்கள். தலித் பெண் இவர் ஒருவர் மட்டுமே.

பேச்சுகளுக்கு வருவோம். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒன்றோடொன்று கோத்துப் படித்தால் ஒரே வாதம் வளர்ந்துகொண்டே போவது தெரியும்.

முதல் முக்கியமான பேச்சு 1946 டிசம்பர் 19, புதிய அரசமைப்பின் நோக்கங்களை அறிவிக்கும் நேருவின் குறிக்கோள் தீர்மானத்தின் மீது. அரசியல் நிர்ணய சபை ஒரு சட்டத்தை எழுதித் தருவதோடு நிற்பதில்லை, மக்களுக்கு வாழ்க்கையின் புதிய சட்டகத்தையே தருகிறது என்று தொடங்கினார். பண்டைய லிச்சவிக் குடியரசைச் சுட்டிக்காட்டினார். ஏழு கோடி ஹரிஜனங்களை ஒரு சிறுபான்மையாகக் கருத நான் மறுக்கிறேன் என்றார். எங்களுக்கு வேண்டியது பலவிதமான பாதுகாப்பு விதிகள் அல்ல, தார்மீகப் பாதுகாப்பு. எங்கள் மீது சுமத்தப்பட்ட சமூகத் தடைகள் உடனே நீங்க வேண்டும் என்றார். எங்கள் விடுதலை இந்தியர்களிடமிருந்துதான் கிடைக்க முடியும், பிரிட்டிஷ் அரசிடமிருந்து அல்ல என்றும் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தேசபக்திப் பேச்சாக மட்டும் படித்தால் பாதிப் பொருள் போய்விடும். அடிமைத்தனத்தை நடத்துகிறவர்கள் யார் என்று சபையில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்துக்கு நேரே சொல்லும் வாக்கியம் அது. தீண்டாமையைச் செய்பவன் இந்தியன். எனவே அதை நிறுத்த வேண்டியவனும் அவனே. இந்தியக் குடியரசை ஆளப்போகிறவர்கள் ஒடுக்கப்பட்டவர்களாகவே இருப்பார்கள் என்ற தன் கனவையும் அன்றே பதிவுசெய்தார்.

இரண்டாவது, 1947 ஆகஸ்ட் 28. விடுதலை கிடைத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சிறுபான்மையினர் பற்றிய ஆலோசனைக் குழு அறிக்கை விவாதத்தில் இருந்தது. ஒரு சமூகத்தார் மட்டுமே வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதிகளைக் கைவிட்டு, எல்லாரும் சேர்ந்து வாக்களிக்கும், ஒதுக்கப்பட்ட இடங்களோடு கூடிய கூட்டுத் தொகுதி என்பது அறிக்கையின் பரிந்துரை. சென்னையைச் சேர்ந்த எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: ஒதுக்கப்பட்ட இடத்தில் வெல்பவர் தன் சொந்தச் சமூகத்தின் வாக்கில் குறைந்தது 35 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். நோக்கம் நியாயமானது. பிற சாதியினரின் வாக்கில் மட்டும் வென்று, தன் மக்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத பிரதிநிதி உருவாகக் கூடாது என்பதே. தனி வாக்காளர் தொகுதிக்குப் பதிலாக ஒதுக்கப்பட்ட இடங்களை ஏற்ற 1932 பூனா ஒப்பந்தத்திலிருந்து தொடர்ந்து வரும் கவலை இது.

தாட்சாயணி அதை எதிர்த்தார். பட்டியல் சாதியினர் பிறருக்குப் பொருளாதார அடிமைகளாக இருக்கும்வரை தனித் தொகுதி, கூட்டுத் தொகுதி, இத்தனை விழுக்காடு என்று எதைக் கேட்டாலும் பொருளில்லை என்றார். தனிப்பட்ட முறையில் எந்த இடத்திலும் எந்த ஒதுக்கீட்டுக்கும் தான் ஆதரவாக இல்லை என்றும் கூறினார். நாகப்பா பின்னர் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இந்தப் பேச்சுதான் இன்று மிகத் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. "தலித் தலைவரே ஒதுக்கீட்டை எதிர்த்தார்" என்று ஒரு வாக்கியத்தை மட்டும் வெட்டிப் பரப்புகிறார்கள். அதற்கு முந்தைய வாக்கியத்தை விட்டுவிட்டால் வாதமே தலைகீழாகிவிடும். நிலமில்லாதவன், நாளைக்கு வேலை தருபவனின் தயவில் வாழ்பவன், தன் வாக்கைச் சுதந்திரமாகப் போட முடியாது. அவன் வாக்கில் 35 விழுக்காட்டை எண்ணினாலும் அது அவன் எசமானின் விருப்பத்தைத்தான் காட்டும். கணக்கைத் திருத்தாதீர்கள், அடிமைத்தனத்தை ஒழியுங்கள் என்பது அவர் சொன்னது. ஒதுக்கீடு தேவையில்லாத அளவுக்குச் சமத்துவம் வந்துவிட்டது என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

அதே சமயம் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த இடத்தில் நாகப்பாவின் கவலைக்கு வரலாறு அதிகம் துணை நிற்கிறது. பொருளாதார விடுதலை வரும்வரை பிரதிநிதித்துவக் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. ஒதுக்கப்பட்ட இடங்கள் இல்லாமல் முதல் பொதுத் தேர்தல் நடந்திருந்தால் எத்தனை தலித்துகள் மக்களவைக்கு வந்திருப்பார்கள் என்று யோசித்தாலே போதும். அடிமை நிலையைப் பற்றிய தாட்சாயணியின் கணிப்பு சரி. அதிலிருந்து அவர் எடுத்த நடைமுறை முடிவு சரியல்ல என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது பேச்சு, 1948 நவம்பர் 8. நான்கு நாட்களுக்கு முன் அம்பேத்கர் வரைவு அரசமைப்புச் சட்டத்தை அவையில் முன்வைத்திருந்தார். தாட்சாயணி அவர் உழைப்பைப் பாராட்டினார். ஆனால் வரைவு கருத்துகளும் கொள்கைகளும் இல்லாமல் வறண்டிருக்கிறது என்றும் சொன்னார். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் சாயல், ஆளுநர் முறை, மத்தியில் குவியும் அதிகாரம் ஆகியவை அவருக்கு உறுத்தின. அதிகாரம் கீழே பரவ வேண்டும் என்றார். இங்கே அவர் முன்வைத்த ஒரு யோசனையை வேறு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது வருத்தமே: இறுதி அரசமைப்புச் சட்டத்தை ஒரு பொதுத் தேர்தல் மூலம் மக்களின் ஒப்புதல் பெற்ற பிறகே ஏற்க வேண்டும். சொத்து, வரி, படிப்பு என்ற தகுதிகளால் சுருங்கிய வாக்குரிமையில் அமைந்த சட்டமன்றங்கள் மறைமுகமாகத் தேர்ந்தெடுத்த சபை அது. அந்தச் சபைக்கு வாக்களிக்கும் உரிமை அவர் பிறந்த சமூகத்தில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? மக்கள் கையெழுத்து இல்லாத அடிப்படைச் சட்டம் என்ற குறையை அவர் உள்ளிருந்தே சுட்டிக்காட்டினார்.

நான்காவது, 1948 நவம்பர் 29. தீண்டாமை ஒழிப்புக்கான வரைவுப் பிரிவு 11. இன்றைய அரசமைப்புச் சட்டத்தில் பிரிவு 17. அன்றே நிறைவேறியது. சென்னையிலிருந்து வந்த பட்டியல் சாதி உறுப்பினர் வி.ஐ. முனுசாமி பிள்ளையும் அன்று பேசினார். தாட்சாயணி பிரிவை வரவேற்றார். ஆனால் எதிர்பார்ப்பை எங்கே வைக்க வேண்டும் என்பதில் மிகத் தெளிவாக இருந்தார். அரசமைப்புச் சட்டம் எப்படிச் செயல்படும் என்பது, மக்கள் இனி எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, சட்டத்தை நிறைவேற்றுவதைப் பொறுத்தது அல்ல என்றார். அரசு மக்களிடையே தொடர்ந்து பிரச்சாரம் செய்ய வேண்டும். சபையே ஒரு தீர்மானம் போட்டுச் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்திருந்தால் நாட்டுக்கு இன்னும் வலுவான செய்தி போயிருக்கும். இவை அவர் முன்வைத்தவை.

இதை வெறும் நல்லெண்ணப் பேச்சு என்று ஒதுக்கிவிட வேண்டாம். பிரிவு 17 தீண்டாமையைக் குற்றம் என்று சொல்கிறது, ஆனால் தண்டனை என்ன என்று சொல்லவில்லை. அதற்குத் தனிச் சட்டம் தேவை. தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது 1955இல். பிரிவு நிறைவேறிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஆறு ஆண்டுகளுக்கும் மேல். அந்தச் சட்டமும் போதாமல் 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமாக இறுக்கப்பட்டது. பிறகு 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனியே வந்தது. குற்றம் என்று எழுதுவதற்கும், காவல் நிலையத்தில் வழக்குப் பதிவதற்கும், சாட்சி நிலைப்பதற்கும், தண்டனை கிடைப்பதற்கும் இடையே உள்ள ஒவ்வொரு படியிலும் மனிதர்களே நிற்கிறார்கள். அந்த மனிதர்கள் மாறாவிட்டால் சட்டம் எந்தப் படியில் வேண்டுமானாலும் நின்றுபோகும். ஆய்வுக்கூடத்தில் சோதனை காட்ட மறுத்த ஆசிரியர், மாணவியின் சேர்க்கையைத் தடுக்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். சேர்க்கை என்ற உரிமை காகிதத்தில் முழுமையாகவே இருந்தது.

காந்தியா அம்பேத்கரா என்ற கேள்விக்கு இந்த நான்கு நாட்களே பதில் சொல்கின்றன. தனி வாக்காளர் தொகுதியை மறுத்ததிலும், மன மாற்றத்தை வலியுறுத்தியதிலும் காந்தியின் பக்கம். சமூகத் தடைகள் சட்டப்படி உடனே நீங்க வேண்டும், பொருளாதார அடிமைத்தனமே வேர் என்பதில் அம்பேத்கருக்கு அருகில். வரைவுச் சட்டத்தின் மத்தியக் குவிப்பை எதிர்த்ததில் மீண்டும் அம்பேத்கருக்கு எதிரே. காங்கிரஸ் பட்டியலில் வந்த முதல்முறை உறுப்பினர், கட்சித் தலைமை ஆதரித்த வரைவை அவையிலேயே குறை சொல்வது எளிதான காரியமல்ல.

1950 ஜனவரி 26க்குப் பின் அரசியல் நிர்ணய சபையே இடைக்கால நாடாளுமன்றம் ஆனது. அதில் தாட்சாயணி தொடர்ந்தார். கணவர் ஆர். வேலாயுதனும் அதில் உறுப்பினர். நாடாளுமன்றத்தில் ஒன்றாக இருந்த முதல் தலித் தம்பதி இவர்கள். 1952இல் முதல் மக்களவை அமைந்ததும் தாட்சாயணியின் தேசிய அரசியல் முடிவடைகிறது. நிர்ணய சபை தொடங்கியதிலிருந்து எண்ணினால் ஐந்தரை ஆண்டுகள்.

ஏன் முடிந்தது? இங்கேதான் தொகுதிக் கணக்கு வருகிறது. முதல் பொதுத் தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்கு 12 மக்களவை இடங்கள், 11 தொகுதிகள். அதாவது ஒரே ஒரு தொகுதிக்கு மட்டும் இரண்டு உறுப்பினர்கள்: கொல்லம்-மாவேலிக்கரை. பட்டியல் சாதியினருக்கு மட்டுமே ஒதுக்கிய ஓர் உறுப்பினர் தொகுதி என்று அன்று தனியாக இல்லை. இரட்டை உறுப்பினர் தொகுதியில் ஓர் இடம் பொது, மற்றது பட்டியல் சாதியினருக்கு. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போட முடியாது. 1961இல் சட்டம் கொண்டுவந்து இந்த முறையை நீக்கினார்கள். ஆகவே மாநிலம் முழுவதற்கும் பட்டியல் சாதியினருக்கான மக்களவை இடம் ஒன்றே ஒன்று. அந்த இடத்தில் சுயேச்சையாக நின்று வென்றவர் ஆர். வேலாயுதன். ஒரே வீட்டில் இருவர் உறுப்பினர்களாக இருந்து, ஊருக்கு இருக்கும் ஓர் இடத்துக்குக் கணவர் போகிறார். மனைவிக்குப் பொதுத் தொகுதி மட்டுமே மீதி. 1952இல் பொதுத் தொகுதியில் ஒரு புலையப் பெண்ணை நிறுத்த எந்தப் பெரிய கட்சி முன்வந்திருக்கும்?

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பெயர்கள் போதும். அம்மு சுவாமிநாதன் அதே தேர்தலில் காங்கிரஸ் சார்பில் திண்டுக்கல்லில் வென்றார். ஆனி மஸ்கரீன் சுயேச்சையாகத் திருவனந்தபுரத்தில் வென்றார். இருவரும் நிர்ணய சபையில் தாட்சாயணியோடு இருந்தவர்கள், இருவரும் பெண்கள். எனவே பெண் என்ற ஒரு காரணம் மட்டும் கதவை மூடவில்லை. அவர்களுக்குப் பின்னால் குடும்பச் செல்வாக்கோ, சொந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டமோ, ஒரு வாக்காளர் தளமோ இருந்தது. தாட்சாயணி சென்னைச் சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கில் வந்தவர். அந்தச் சட்டமன்ற உறுப்பினர்கள் அவருடைய ஊர்க்காரர்கள் அல்ல. நியமனமும் மறைமுகத் தேர்தலும் ஒருவரை மிக விரைவாக மேலே கொண்டுவரும், ஆனால் கீழே நிற்கத் தரை தராது. நேரடித் தேர்தல் வந்ததும் அந்தத் தரைதான் தேவைப்பட்டது. ஐந்து பிள்ளைகளின் தாய் என்பதும், கையில் பணம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் அவற்றை முதற்காரணமாகச் சொன்னால், இடம் ஒதுக்கிய முறையும் கட்சிகளும் பொறுப்பிலிருந்து நழுவிவிடும்.

ஒரே ஒரு முறை திரும்பி வர முயன்றார். 1971இல், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட அடூர் தொகுதியில் சுயேச்சையாக மக்களவைக்குப் போட்டியிட்டார். நான்காம் இடமே கிடைத்தது. அங்கே வென்றவரும் ஒரு பெண்தான், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பார்கவி தங்கப்பன். கட்சி அமைப்பு உள்ள பெண்ணும் இல்லாத பெண்ணும் ஒரே களத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதை அந்த முடிவு காட்டுகிறது. கேரளத்தில் அப்போது களம் முழுக்கக் கூட்டணிகளின் கையில். சுயேச்சைக்கு, அதுவும் பல ஆண்டுகள் டெல்லியில் வாழ்ந்துவிட்டு வந்தவருக்கு, வாய்ப்பு மிகக் குறைவு.

தேர்தலில் தோற்றாலும் பொதுவாழ்வை விட்டுவிடவில்லை. டெல்லியில் முனிர்கா பகுதியில் துப்புரவுப் பணிப் பெண்களிடையே வேலை செய்தார். 1977இல் டெல்லியில் தலித் பெண்களின் மாநாட்டைக் கூட்டி "மகிளா ஜாக்ரிதி பரிஷத்" என்ற அமைப்பைத் தொடங்கினார். தலித் பெண்களுக்கென்று தனி அமைப்பு வேண்டும் என்ற பேச்சு பரவலாவதற்குப் பல ஆண்டுகள் முன்பு இது. மறு ஆண்டு, 1978 ஜூலை 20 அன்று, 66ஆவது வயதில் காலமானார். 2019இல் கேரள அரசு, பிற பெண்களின் முன்னேற்றத்துக்கு உழைக்கும் பெண்களுக்காக அவர் பெயரில் ஒரு விருதை அறிவித்தது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சில இடங்கள். சபை உறுப்பினர் எண்ணிக்கையை 389 என்றும் 299 என்றும் எழுதுவார்கள். முதலாவது தொடக்கத் திட்டம், இரண்டாவது பிரிவினைக்குப் பின் மீந்தது. தாட்சாயணி நுழைந்த காலத்தைச் சொல்லும்போது 389ஐயும், சட்டம் நிறைவேறிய காலத்துக்கு 299ஐயும் பயன்படுத்த வேண்டும். அவரைத் தமிழ்நாட்டுக்காரர் என்று எழுதுவது "சென்னை: பொது" என்ற குறிப்பால் வந்த பிழை. கேரள மாநிலப் பிரதிநிதி என்று எழுதுவதும் பிழை, கேரளம் பிறந்ததே 1956இல்தான். "ஹரிஜன்" என்ற சொல்லை அவர் சபையில் பயன்படுத்தினார். அதை மேற்கோளில் மாற்றி "தலித்" என்று போடக் கூடாது. மேற்கோளுக்கு வெளியே நம் காலத்துச் சொல்லைப் பயன்படுத்தலாம்.

மூலப் பேச்சுகளைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு: அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் 12 தொகுதிகள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1946 டிசம்பர் பேச்சு முதல் தொகுதியில், 1947 ஆகஸ்ட் பேச்சு ஐந்தாவதில், 1948 நவம்பர் பேச்சுகள் இரண்டும் ஏழாவதில். பெயரை வைத்துத் தேடினால் பல நேரம் கிடைக்காது. ஆங்கில எழுத்துக்கூட்டல் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது, எழுத்துணரி (OCR) மென்பொருள் செய்த பிழைகளும் உண்டு. தேதியை வைத்துத் தேடுங்கள். அவர் பேச்சை மட்டும் தனியே எடுத்துப் படிக்காமல், அன்றைய விவாதத்தை முழுதாகப் படியுங்கள். குறிப்பாக 1947 ஆகஸ்ட் 28க்கு, நாகப்பா தன் திருத்தத்தை முன்வைத்துப் பேசியதை முதலில் படித்துவிட்டு, பிறகு தாட்சாயணிக்கு வாருங்கள். எதற்குப் பதிலாக அவர் அப்படிப் பேசினார் என்பது அப்போதுதான் விளங்கும்.